குட்டையரும் என் தையல் மெசினும்

இஞ்சேருங்கோ, இன்று லவால் நகரில் ஒரு உடுப்புக் கடையில் நின்றபோது உங்கள் நினைவு வந்தது. மகனுக்கென்று எடுத்த சட்டையில் அந்தப் புதுத்துணி வாசம். கழுத்துப்பட்டியில் வழக்கம்போல் சீனாவின் பெயர். கை தன்பாட்டில் சட்டையை உட்புறம் திருப்பித் தையலைப் பார்த்தது.

உங்களுக்கும் எனக்கும் நடுவில் எப்போதும் ஒரு சீனக்காரர் இருந்தார். ஊரில் நீங்கள் சீனச் சார்புக் கட்சிக்காரர். அந்த நாட்டின் கதவை உலக வியாபாரத்துக்குத் திறந்துவிட்ட தலைவரை உங்கள் தோழர்கள் துரோகி என்று திட்ட, நீங்கள் ஒருவர்தான் அவருக்காக வாதாடினீர்கள். ஆள் உயரம் குறைவு என்பதால் நான் குட்டையர் என்று பெயர் வைத்தேன். பேப்பரில் வெட்டிய அவர் படம் மொன்ட்ரியாலுக்கும் வந்து எங்கள் பிரிட்ஜ் கதவில் ஏறிக்கொண்டது. ஹோட்டலில் கோப்பை கழுவிவிட்டு வந்த களைப்பிலும், "அவரும் பிரான்சில தொழிற்சாலையில வேலைசெய்து முறிஞ்சவர்தானப்பா. சொந்தக் கட்சியே தூக்கியெறிஞ்சு ட்ராக்டர் பட்டறைக்கு அனுப்பினது. திரும்பி வந்து, கமக்காரனைத் தன்ர விளைச்சலை விக்க விட்டவர்" என்பீர்கள். சோறு ஆறிப்போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அந்தக் கதையில் உங்கள் முகம் தெளிவது எனக்குப் பிடிக்கும்.

பிறகு நான் வேலைசெய்த தையல் தொழிற்சாலையை மூடினார்கள். ஓடர் எல்லாம் இனிச் சீனாவுக்கு என்று முதலாளி பிரெஞ்சில் சொன்னார். உங்களோடு போடப்போகும் சண்டையை மெத்ரோ ரயிலில் வரும் வழியெல்லாம் அடுக்கிக்கொண்டே வந்தேன்.

"என்னப்பா, இண்டைக்கு வேளைக்கே வந்திட்டீர்?"

"உங்கட குட்டையர் என்ர மெசினைப் பறிச்சுப்போட்டார்."

விளக்கம் சொல்லத் தொடங்குவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் எழும்பிப் போய்ப் படத்தைக் கழற்றினீர்கள்.

"இவ்வளவு காலமும் வாய்கிழியக் கதைச்சன். போகப்போறது உம்மட தையல் கதிரை எண்டு நினைக்கேல்லை."

ஊரே திட்டியபோதும் விடாத மனிதரை எனக்காக விட்டுவிட்டீர்கள். என் சண்டை எங்கே போனதென்றே தெரியவில்லை. படத்தை வாங்கித் திரும்ப ஒட்டினேன்.

"அங்க தைக்கப்போறதும் என்னைப்போல ஒருத்திதானே. அவளின்ர அடுப்பும் எரியட்டும்."

"அப்ப எங்கட அடுப்பு?"

"அதில நீங்கள் முதல்ல தேத்தண்ணி வையுங்கோ."

வைத்தீர்கள். சீனி போட மறந்துபோனீர்கள்.

சில மாதத்தில் கார்டரி என்கிற பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் சமைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. உங்களுக்குப் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. எந்தக் கடைக்குப் போனாலும் ஒரு சட்டையை உட்புறம் திருப்பி என் முன்னால் நீட்டுவீர்கள். "பாரும், உம்மட சீனச் சிநேகிதி எப்பிடித் தைச்சிருக்கிறாள்?" நான் பத்துக்கு மார்க் போடவேண்டும். ஆறு என்றால் முகம் வாடிவிடும். "பாவம், சுப்பவைசர் ஏசியிருப்பான்" என்று அவளுக்காகவும் வாதாடுவீர்கள்.

கடைசியாக உங்களுக்கு உடுத்திய வெள்ளைச் சட்டையும் அவள் தைத்ததுதான். எல்லாரும் அவசரப்படுத்த, நான் அதையும் திருப்பிப் பார்த்தேன். கைமடிப்பில் ஒரு நூல் தொங்கியது. வெட்டிவிட்டு, "பத்துக்குப் பத்து" என்று உங்கள் காதில் சொன்னேன். ஒரு மார்க் குறைத்திருக்கவேண்டும். மனம் வரவில்லை.

மகனின் சட்டைக்கு இன்று எட்டு. சொல்லத் திரும்பினேன், நீங்கள் இல்லை. நீங்கள் தேடித் தந்த சிநேகிதி மட்டும் இன்னும் என்னோடு இருக்கிறாள். முகம் தெரியாத அவளோடுதான் இப்போதெல்லாம் உங்களைப் பற்றிக் கதைக்கிறேன்.