விரல் பட்டதா என்று நீ கேட்டாய்

உன் விசில் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. சென்ற வாரம் உன் மனைவி பாயான் பாருவிலிருந்து பேருந்து ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போனார். நீ போன பிறகு உன் அலமாரியை ஒழித்தபோது கிடைத்ததாம். "இது உங்ககிட்டதானேண்ணே இருக்கணும்" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை, வாங்கிக்கொண்டேன். கறுப்புக் கயிற்றில் நீ முழங்காலுக்குத் தேய்க்கும் மருந்தெண்ணெயின் வாசனை இன்னும் போகவில்லை.

அன்றே உனக்கு எழுத உட்கார்ந்தேன். வரிசை எண் போடாமல் எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். எழுத நினைத்திருப்பவை:

1. நாம் இருவரும் நடுவர்களான விதம்.
2. கூடைப்பந்து விதிகளைப் பற்றி ஆட்டக்காரர்களும் நடுவர்களும் தவறாக நம்பிவந்தவை. அவற்றைத் திருத்த நாம் பட்ட பாடு.
3. ஒரு நடுவரின் தீர்ப்பை இன்னொரு நடுவர் மாற்ற முடியாது என்ற விதி. ஆகவே அந்த இறுதி ஆட்டத்தில் நான் பேசாமல் இருந்தது சரி என்பது.
4. மருத்துவமனையில் சொல்ல வந்து சொல்லாமல் திரும்பியது.

நடுவர் பயிற்சி வகுப்பில் தமிழர்கள் நாம் இருவர்தான். நீ பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவன். முழங்கால் கெட்டு ஆட முடியாமல் போனதால் வந்திருந்தாய். நான் கெலுகோரில் பல்கலைக்கழக நூலகத்து ஊழியன். ஏன் வந்தேன் என்று நீ கேட்டாய். விதிப் புத்தகத்தைப் படித்தேன், பிடித்திருந்தது என்றேன்.

"பந்த தொட்டதே இல்லையா?"

"இல்லை."

"அடப் பாவி! சமைக்கத் தெரியாதவன் சாப்பாட்டுக்கு மார்க் போட வந்த மாதிரியில்ல இருக்கு!"

அன்றிலிருந்து நான் உனக்கு 'லைப்ரரி' ஆனேன். என் விசில் சத்தம் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. "ஓய் லைப்ரரி, ஊதுடா! முத்தம் குடுக்காத!" என்று மைதானத்தின் மறுமுனையிலிருந்து கத்துவாய். ஆட்டக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்குக் காது சூடாகும். ஆனால் அடுத்த முறை கொஞ்சம் பலமாக ஊதுவேன்.

இரண்டாவதற்கு வருகிறேன். பந்தோடு ஒருவன் தரையில் விழுந்தால் போதும், பந்தைத் தட்டாமல் நகர்ந்துவிட்டான், 'டிராவலிங்' என்று மண்டபமே அலறும். விழுந்தவனே தான் தவறு செய்துவிட்டதாக நினைத்துப் பந்தை உன்னிடம் நீட்டுவான். "விழுறது தப்பில்லலா தம்பி. பந்தை வச்சுக்கிட்டு உருண்டாலோ எந்திரிச்சாலோதான் தப்பு. பேசாம படுத்துக்கிட்டே யாருக்காச்சும் போடு" என்பாய். இன்னொரு நாள், உயரமான ஒருவன் குட்டையானவனின் தலைக்குமேல் எட்டிப் பந்தை எடுத்தான். உடம்பில் உடம்பு படவே இல்லை. குட்டையானவன் உன்னிடம் ஓடிவந்து, "அண்ணே, முதுகு மேல ஏறிட்டான், ஃபவுல் இல்லையா?" என்றான். "ஏறல. அவன் நெட்டை. அதுக்கு ஃபவுல் குடுக்கணும்னா அவங்க அம்மாவுக்குத்தான் குடுக்கணும்" என்றாய். நெட்டையனும் சேர்ந்து சிரித்தான்.

நடுவர்களே தவறாக நம்பியவையும் உண்டு. தடுப்பவன் கம்பம்போல அசையாமல் நின்றால்தான் மோதல் எதிராளியின் தவறு என்று ஒரு மூத்த நடுவர் கூட்டத்தில் சொன்னார். முறையாக முன்னால் வந்து இடம் பிடித்துவிட்டவன் பின்னாலோ பக்கவாட்டிலோ நகரலாம் என்ற பக்கம் என் மடியில் விரிந்திருந்தது. நான் கை தூக்கவில்லை. நீ என் மடியிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி எழுந்து நின்று உரக்கப் படித்தாய். உட்கார்ந்த பிறகு என் காதில், "பாத்தத சொல்ல உனக்கு என்னடா பயம்?" என்று கேட்டாய். நான் புத்தகத்தைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்தேன்.

கடைசியாக, வளையத்தில் படாத பந்து. எறிந்தவனே அதைப் பிடிக்கக் கூடாது என்று எல்லாரும் நம்பினார்கள். அமெரிக்க ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து வந்த நம்பிக்கை அது. அங்கே விதி வேறு. சந்தைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் நீ எத்தனை பேருக்கு விளக்கியிருப்பாய்! கண்ணாடிக் கிளாஸ்தான் வளையம், கசக்கிய காகிதம்தான் பந்து. வளையத்தை நோக்கி உண்மையாகவே எறிந்திருந்தால் அவனே பிடிக்கலாம். தனக்குத்தானே தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடிப் பிடித்தால்தான் டிராவலிங். நடுவில் எதிராளியின் கை பட்டுவிட்டால் அந்தக் கேள்வியே இல்லை, தாராளமாகப் பிடிக்கலாம்.

இதை நீ நன்றாக அறிந்திருந்தாய் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் அந்த இறுதி ஆட்டத்துக்குப் பிறகு, உனக்கு விதி தெரியாது என்றும் சொன்னார்கள்.

தொழிற்சாலைகளுக்கிடையே நடந்த ஆட்டம். நடுவர்கள் குறைவு என்பதால் உன் தொழிற்சாலை ஆடும் ஆட்டத்துக்கே உன்னையும் போட்டிருந்தார்கள். நான் முதல் நடுவர், நீ இரண்டாவது. எழுத்துத் தேர்வில் எனக்கு மதிப்பெண் அதிகம் என்பதைத் தவிர அதற்குக் காரணம் இல்லை. சில விநாடிகளே பாக்கி. நீலச் சட்டைக்காரர்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். நான் வளையத்தின் கீழே நின்றேன். நீ ஆட்டக்காரர்களுக்குப் பின்னால். நீல அணிப் பையன் வலப்பக்கத்திலிருந்து எம்பி எறிந்தான். உன் தொழிற்சாலை ஆள் தடுக்கத் தாவினான். அவன் நடுவிரல் பந்தின் அடியில் உரசியது. சுழன்றுகொண்டிருந்த பந்து ஒரு கணம் தயங்கியது. வளையத்துக்கு எட்டாமல் இறங்கியது. எறிந்தவனே ஓடிப் பிடித்து மறுபடி எறிந்தான். அது வளையத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது உன் விசில் ஒலித்தது. இரண்டு முஷ்டிகளையும் சுழற்றிக் காட்டினாய்: டிராவலிங். பந்து உள்ளே விழுந்தது; கணக்கில் வரவில்லை.

நீ நின்ற இடத்திலிருந்து பார்த்தால், பந்தை அவன் தனக்கே தூக்கிப் போட்டுக்கொண்டதாகத்தான் தெரியும்; நானும் அதையேதான் ஊதியிருப்பேன். விரல் உனக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

நீல அணித் தலைவன் மோகன் என்னிடம் ஓடிவந்தான். "அண்ணே, நீங்கதானே மெயின் ரெஃப்ரி? கை பட்டுச்சுலா! மாத்துங்கண்ணே!"

"ஒரு நடுவர் தீர்ப்பை இன்னொரு நடுவர் மாத்த முடியாது, தம்பி."

புத்தகத்தைப் படிப்பவன்போலச் சொன்னேன். அந்த விதி உண்மையானது. முதல் நடுவர் நினைத்தால் மற்றவரின் தீர்ப்பை அழித்துவிடலாம் என்பது ஆட்டக்காரர்களின் இன்னொரு தவறான நம்பிக்கை. அப்போது நீ விசிலைப் பல்லில் கடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். என் மானத்தை வாங்கிவிடாதே என்று கண்ணால் சொல்வதாக எடுத்துக்கொண்டேன். கடிகாரத்தைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு தேநீர்க் கடையில் கேட்டாய். "நீ கீழதானே நின்ன. விரல் பட்டுச்சுன்னு மோகன் சொல்றான். பட்டுச்சா?"

"நான் கவனிக்கல."

"சரி. நீ பாக்கலன்னா பட்டிருக்காது."

அவ்வளவுதான். தேநீரைக் குடித்து முடித்தாய். அதற்குப் பிறகு, சொந்தக் கம்பெனிக்கு ஊதியவன் என்று யார் சொன்னாலும் உன் பதில் ஒன்றுதான்: "என் பார்ட்னர் வளையத்துக்குக் கீழ நின்னான். அவன் கண்ணுக்குத் தப்பாது." என் பெயரைச் சொல்லியே நீ நிமிர்ந்து நின்றாய். அவர்கள் நம்பவில்லை. மறு ஆண்டு வந்த நடுவர் பட்டியலில் நீ இல்லை. நான் இருந்தேன். மேலும் ஆறு ஆண்டுகள் ஊதினேன். ஒவ்வொரு ஆட்டம் முடிந்தும் உன் வீட்டுக்கு வந்தால், யார் ஆடினார்கள், எத்தனை புள்ளி என்று ஒன்றுவிடாமல் கேட்பாய்.

மருத்துவமனைக்கு இரண்டு முறை வந்தேன். முதல் முறை நீ தூங்கிக்கொண்டிருந்தாய். இரண்டாம் முறை தாதியிடம், "மிஸ்ஸி, இவரு ரெஃப்ரி. மூணு செகண்டுக்கு மேல கட்டில்கிட்ட நின்னீங்க, ஊதிடுவாரு" என்றாய், வளையத்தடியில் மூன்று விநாடிக்குமேல் நிற்கக் கூடாது என்ற விதியை வைத்து. அவள் சிரித்தாள், நீயும் இருமலோடு சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். இல்லை, அப்படி எழுதுவது எனக்குச் சாதகமாக இருக்கிறது. பயந்தேன்.

இந்த இடத்தோடு மடலை முடித்துவிட எண்ணியிருந்தேன். மூன்று நாள் அப்படியே கிடந்தது. நேற்று மாலை, உன் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கெலுகோர் மண்டபத்தில் ஓர் ஆட்டம் பார்க்கப் போனேன். இரண்டு நடுவர்களும் பெண்கள். பந்து கோட்டுக்கு வெளியே போனது. ஒருத்தி சிவப்பு அணிக்குக் கொடுத்தாள். மற்றவள் அவள் அருகில் போய், வாயைக் கையால் மறைத்து ஏதோ சொன்னாள். முதலாமவள் தலையசைத்தாள், கையை மறுபக்கம் காட்டினாள். ஒரு மிடறு தண்ணீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. யாருக்கும் மானம் போகவில்லை.

ஆட்டம் முடியும்வரை காத்திருந்து, வாயை மறைத்துப் பேசியவளிடம் கேட்டேன். தமிழ்ப் பெண். "ஏம்மா, அவங்க தீர்ப்ப நீங்க மாத்தினீங்களே. விதிப்படி மாத்த முடியாதில்ல?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நான் எங்க அங்கிள் மாத்தினேன்? அவதான் மாத்தினா. கடைசியா யாரு கையில பட்டுச்சுன்னு அவ பாக்கல, நான் பாத்தேன். சொன்னேன். அதுக்கப்புறம் அவ இஷ்டம்." பிறகு, நான் அங்கேயே நிற்பதைக் கண்டு, "பாத்தத சொல்லக் கூடாதுன்னா பின்ன எதுக்கு அங்கிள் ரெண்டு பேரு?" என்றாள்.

வீட்டுக்கு வந்து நம் காலத்துப் புத்தகத்தை எடுத்தேன். மாற்ற முடியாது என்று இருக்கிறது. சொல்லக் கூடாது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. இரண்டு முறை தேடிவிட்டேன்.

மேலே போட்ட எண்களை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், நீ பார்க்கட்டும் என்று. மூன்றாம் எண்ணில் எழுதியது தவறு. எத்தனையோ பேரின் தவறான நம்பிக்கைகளைத் திருத்தினோம். என்னுடையதை நான் விதி என்று சொல்லி வைத்திருந்தேன். அன்று நீ என்னைப் பார்த்தது, வாயை மூடு என்று சொல்வதற்காக அல்ல, கேட்பதற்காக. தீர்ப்பை மாற்றியிருக்க வேண்டியவன் நீ, நான் நடந்து வந்து சொல்லியிருந்தால் மாற்றியிருப்பாய். பத்து அடி தூரம்.

விரல் பட்டது. நான் பார்த்தேன்.