மூடாத கல்லறையில் ஒரு சிவப்பு நாய்

ஆராவாய் தீவு
6 மார்ச் 1978

கியா ஒரானா அத்தை,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். ஆக்லாந்துக் குளிர் உங்கள் முழங்காலைப் பிடிக்காமல் இருக்கட்டும்.

நீங்கள் அனுப்பிய பெட்டி போன விமானத்தில் வந்தது. டின் இறைச்சி, சோப்பு, எனக்கு எடுத்த பூப்போட்ட துணி, அடியில் அவருடைய சட்டைகள் இரண்டு. கல்யாணத்துக்கு முன்னால் உங்களோடு இருந்தபோது அவர் போட்டிருந்தவை. எதற்கு அனுப்பினீர்கள் என்று புரிந்தது. ஏப்ரல் வந்தால் அவர் மீன்பிடிக்கப் போய் ஒரு வருடம். உடல் கிடைக்காதவர்களுக்குத் துணியை வைத்து மூடுவதுதான் முறை, எனக்கும் தெரியும்.

கல்லறை நீங்கள் சொன்னபடியே நிற்கிறது. நம் ஊர் வழக்கப்படி வீட்டு வாசலில், என் பிள்ளை, நம் சின்னவன் படுத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில். டீக்கன் எனோகா ஜெபம் செய்துவிட்டார், தகரக் கூரையும் போட்டாகிவிட்டது. மூடுகல் மட்டும் சுவரில் சாய்ந்திருக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் அந்தப் பள்ளம்தான் கண்ணில் படுகிறது. தூக்கி மூட நான்கு ஆட்கள் தயார். நான்தான் இன்னும் தலையசைக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள் அத்தை, என்னால் முடியவில்லை.

இப்போது ஒரு விசித்திரம் சொல்கிறேன். போன வாரப் புயல் ஓய்ந்த பிறகு கடற்கரையில் ஒரு நாய் கிடந்தது. நம் தீவில், நாய் கூடாது என்று பழைய தலைவர் கட்டளை போட்ட காலத்திலிருந்து ஒரு நாய்கூடக் கால் வைக்காத நம் மண்ணில். சிவப்பு நிறம், பெண். கப்பல் எதுவும் வரவில்லை, பாய்மரப் படகும் வரவில்லை. பிள்ளைகள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். அதன் வயிறு உப்பியிருந்ததால் கடல் தண்ணீர் குடித்துச் சாகப்போகிறது என்றார்கள் பெரியவர்கள். எனக்குப் பன்றி வளர்த்த கை. தொட்டதுமே தெரிந்துவிட்டது, தண்ணீர் இல்லை, குட்டிகள். என் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது.

அதன் கழுத்தில் ஒரு கயிறு. முடிச்சை அவிழ்க்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இடது கைக்காரர் போடும் முடிச்சு. இரண்டு சுற்று, பிறகு நுனியை உள்ளே மடித்துச் செருகுவது. ஒன்பது வருடம் மீன் கோவைகளில் நான் நகம் உடைய அவிழ்த்த முடிச்சு அது.

அத்தை, அது உங்கள் மகன் தெரே போட்ட முடிச்சு.

உங்கள் மருமகள்
அகாய்த்தி

✽

ஆக்லாந்து
14 மார்ச் 1978

அன்பு மகள் அகாய்த்திக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தேநீர் ஆறும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். பாவம், நீ தனியாக இருந்து இருந்து மனசு எங்கெங்கோ போகிறது. இடது கைக்காரர் உலகத்தில் ஒருவர்தானா? பாய்மரப் படகில் சுற்றுகிற வெள்ளைக்காரர்கள் எல்லோரும் நாய் வைத்திருக்கிறார்கள். புயலில் ஒன்று தவறி விழுந்திருக்கும். சிவப்பு நாய் இந்தத் தெருவிலேயே மூன்று திரிகிறது.

அதை எனோகாவிடம் ஒப்படைத்துவிடு. கட்டளை கட்டளைதான். ஊர் வாயில் விழாதே. உனக்கு மனசு கேட்காது என்று தெரியும், அதனால் சொல்கிறேன்: ஈனுகிற வரையில் கொடுப்பதென்றால் மீன் சாறு கொடு, முள் இல்லாமல். பன்றிக்குப் போடுகிற மாதிரி தேங்காயை உடைத்துப் போடாதே, கழிந்துவிடும். எங்கள் படிக்கட்டுக்கு அடியில் பக்கத்து வீட்டு நாய் இரண்டு முறை ஈன்றிருக்கிறது, பார்த்திருக்கிறேன்.

சட்டைகளை வைத்துக் கல்லை மூடு மகளே. உனக்கு வயது முப்பத்தொன்று. நீ ஒரு பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு கிழவியாவதை நான் பார்க்க முடியாது. மூடிவிட்டால் உனக்கும் விடுதலை, எனக்கும் நிம்மதி. தாய் நானே மூடச் சொல்கிறேன், அதற்கு மேல் என்ன வேண்டும்?

உன் அத்தை
துவாய்னே

✽

ஆராவாய் தீவு
21 மார்ச் 1978

கியா ஒரானா அத்தை,

தேங்காய் போட்டேன், கழிந்தது. நீங்கள் சொன்னது சரி. இப்போது கிளிமீன் சாறுதான். உடம்பு தேறிவிட்டது.

மற்ற எதுவும் சரியாக இல்லை. பன்றிக்குச் செய்வதுபோல் கொட்டகையில் தென்னை நாரும் கோணியும் பரப்பி இடம் செய்து வைத்தேன். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கல்லறைக்குள் இறங்கிவிட்டது. பகலெல்லாம் அங்கேதான் படுக்கிறது. இரண்டு நாளாக முன்னங்கால்களால் பள்ளத்தின் அடியைப் பறண்டுகிறது. சின்னவன் பக்கத்துச் சுவரை ஒட்டிப் பறண்டுகிறது. அந்தச் சத்தம் தெருக்கோடி வரை கேட்கிறது. எதைத் தோண்டி எடுக்கப் பார்க்கிறது என்று கேட்டுவிட்டு எதிர்வீட்டுக்காரி பிள்ளைகளைத் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். யாரும் என் வாசல் வழியாக நடப்பதில்லை. சுற்றிக்கொண்டு தாரோக் கிழங்கு வயல் சேற்றில் இறங்கிப் போகிறார்கள்.

வெள்ளிக்கிழமை எனோகாவும் தீவுச் சபைக்காரர்களும் தடியோடு வந்தார்கள். நான் கும்பிட்டுப் பார்த்தேன், பிறகு கத்தியும் பார்த்தேன். ஆனால் அதைக் காப்பாற்றியது நானில்லை, கல்லறைதான். ஜெபம் செய்த குழிக்குள் குடும்பத்தார் அனுமதி இல்லாமல் வெளியாள் கை நுழையக்கூடாதே. தடியை ஓங்கிக்கொண்டு விளிம்பில் நின்றார்கள், நாய் உள்ளே படுத்தபடி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனோகா சொன்னார்: "கல்லறையைக் கட்டச் சொன்னது துவாய்னே. அவங்க ஒரு வரி எழுதட்டும், இதை முடிச்சிடறோம். வேண்டாம்னு எழுதினா குட்டிங்க கண்ணு திறந்து நடக்கற வரைக்கும் பொறுத்துக்கறோம். அப்புறம் கப்பல்ல ஏத்திடணும்."

ஆக, அதன் உயிர் உங்கள் பேனாவில் இருக்கிறது. அவரும் இதே விமானத்தில் உங்களுக்கு எழுதுகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லவும் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஜெபத்தில் வழக்கம்போல் அவர் பெயரைச் சொன்னேன். உரக்கக்கூட இல்லை. கல்லறைக்குள் படுத்திருந்தது எழுந்து வெளியே வந்து, வாசலுக்குப் போய், கடலைப் பார்த்து வாலை ஆட்டியது. நான் திங்கட்கிழமை வேண்டுமென்றே "நோவா" என்றேன், "யோனா" என்றேன். அசையவில்லை. "தெரே" என்றேன். எழுந்து போய் நின்றுவிட்டது. யாரோ வரப்போகிறார்கள் என்பதுபோல இருட்டும்வரை நின்றது.

செத்துப்போனவருடைய பெயர் கடலிலிருந்து வந்த நாய்க்கு எப்படித் தெரியும்? எனக்கு ஒரு பதில் எழுதுங்கள் அத்தை. திட்டியாவது எழுதுங்கள்.

அகாய்த்தி

✽

ஆக்லாந்து
29 மார்ச் 1978

அகாய்த்தி,

எனோகாவுக்குத் தனியாக எழுதிவிட்டேன். நான் கட்டச் சொன்ன கல்லறைக்குள் யாரும் கை வைக்கக்கூடாது. அந்த நாயின் மேல் ஒரு அடி விழுந்தாலும் நான் கேட்பேன்.

தோண்டுவதைப் பார்த்துப் பயப்படாதே. ஈனும் முன்னால் எல்லா நாயும் தோண்டும், படுக்கை போடுகிறது, அவ்வளவுதான். உங்களுக்கு நாயைத் தெரியாது. சாப்பாட்டை ஒதுக்கினால் அன்றைக்கே ஈனும். பழந்துணி போடு. முதல் இரண்டு நாள் குட்டிகளைத் தூக்காதே. கூரை ஒழுகினால் ஓலை போட்டு மறை.

ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்தேன். மாதம் தவறாமல் வருவது. இந்த மாதம் வரவில்லை. அதனால்தான் உனக்கு எழுதத் தாமதம்.

இதற்கு மட்டும் உடனே பதில் போடு. அதன் இடது காது நுனியிலிருந்து கிழிந்து இரண்டாக இருக்கிறதா?

கல்லை மூடாதே. முன்னால் எழுதியதையெல்லாம் விட்டுவிடு. மூடாதே.

துவாய்னே

✽

ஆராவாய் தீவு
8 ஏப்ரல் 1978

அத்தை,

இடது காது கிழிந்திருக்கிறது. நுனியிலிருந்து, நீங்கள் எழுதியபடியே இரண்டாக.

அதன் நிறத்தை எழுதினேன், கயிற்றை எழுதினேன். காதைப் பற்றி ஒரு எழுத்துகூட நான் எழுதவில்லை.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே அது ஈன்றுவிட்டது. அன்று சாற்றைத் தொடவில்லை. என்னோடு இத்தனை நாள் இருந்தும் வாசற்படி தாண்டாதது முதல் தடவையாக வீட்டுக்குள் வந்தது. நீங்கள் அனுப்பிய பெட்டியை மூக்கால் நெம்பித் திறந்து அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போனது. நான் தடுக்கவில்லை. தடுக்கும் தைரியம் எனக்கு இல்லை. மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழும் மழையில் வேறெதுவும் கேட்கவில்லை. மழை விட்டதும் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

அத்தை, நாய்க்குட்டி அப்படித்தான் அழும் என்று இந்தத் தீவில் யாருக்குத் தெரியும்? தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. நான் ஓடினேன். கல்லறைக்கு ஓடவில்லை, சின்னவனிடம் ஓடினேன். அவன் மேல் கிடக்கும் சிமெண்டில் காதை வைத்துப் படுத்துக்கொண்டு, "அம்மா வந்துட்டேன், அழாத" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நாய் வந்து என் முகத்தை நக்கிய பிறகுதான் எழுந்தேன். பள்ளத்தில், உங்கள் மகனுடைய சட்டைகளின் மேல், நான்கு குட்டிகள் நெளிந்துகொண்டிருந்தன.

போன செவ்வாய் சரக்குக் கப்பல் வந்தது. உங்கள் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு துறைக்குப் போய் மாலுமி சொலொமோனாவைப் பிடித்தேன். கப்பல் போகிற தீவுகளில் அவனுக்குத் தெரியாதது இல்லை. காது கிழிந்த சிவப்பு நாய் யாருடையது என்று மட்டும் கேட்டேன். அவன் கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"துவாய்னே அம்மா சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க," என்றான். நான் நகரவில்லை. பிறகு சொன்னான். வடக்கே தௌகாரோத் தீவில் ஒரு வருடமாகக் கொப்பரை காய வைத்துக்கொண்டு ஒருவர் இருந்தாராம். இடது கைக்காரர். அதிகம் பேசமாட்டார். நாயில்லாமல் படகில் ஏறமாட்டார். அங்கே ஒரு பெண் உண்டா என்று கேட்டேன். இல்லை, நாய் மட்டும்தான் என்றான். இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். சின்னவனைப் புதைத்த வாசலையும் என் முகத்தையும் பார்க்க முடியாமல்தான் போயிருக்கிறார். அதை என்னிடம் சொல்லத் துணியாமல் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் எனக்கு ஒரு கல்லறை கட்டித் தந்தீர்கள்.

புயலுக்கு முந்திய நாள் படகை எடுத்தாராம். படகும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. நீரோட்டம் இந்தப் பக்கம்தான் என்றான் சொலொமோனா. நாயை இறக்க முடியாத தீவுக்கு அவர் நாயோடு வந்திருக்க மாட்டார் என்று பகலில் நினைத்துக்கொள்கிறேன். விளக்கு வைத்த பிறகு வேறு மாதிரி நினைக்கிறேன்.

உங்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் சின்னக் கோபமில்லை. ஒரு வருடம் நான் அழுததை மாதாமாதம் படித்தீர்கள், அதே கையால் அவர் கடிதத்தையும் பிரித்தீர்கள். எனக்கு விடுதலை என்று எழுதினீர்கள். உயிரோடு இருந்த பிள்ளைக்கு நீங்களே குழி வெட்டினீர்கள், அது இப்போது அவரைக் கேட்கிறது. ஆனாலும் மாதம் தவறாத கடிதம் நின்றுபோய் நீங்கள் அங்கே தனியாகக் காத்திருந்ததை நினைத்தால், எனக்கு அழத்தான் வருகிறது. அந்தக் காத்திருப்பு எனக்குப் பழக்கம், உங்களுக்குப் புதிது.

கல்லை நான் மூடமாட்டேன். பொய்யாக ஒரு முறை மூடச் சொன்னீர்கள், இப்போது நிஜமாக மூட நீங்களே வர வேண்டும். விமானத்தில் வாருங்கள். உங்கள் மெத்தையை வெயிலில் போட்டு வைக்கிறேன். குட்டிகள் நடக்கத் தொடங்கும்வரை எனோகா பொறுப்பார், அதுவரை பள்ளம் அவற்றுக்கு வேண்டும். பிறகு நாம் இரண்டு பேரும் சேர்ந்து சட்டைகளைத் துவைப்போம்.

ஒன்று மட்டும். வாசலில் இறங்கும்போது அழுகை வந்தாலும் அவர் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் நாய் எழுந்து கடலைப் பார்க்கப் போய்விடும். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்.

அகாய்த்தி