ரெண்டு விசில்

சிதம்பரம்,
வியாழக்கிழமை மாலை.

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு, உங்கள் தம்பி மனைவி வினோதினி வணக்கத்துடன் எழுதுவது. மஸ்கட்டில் நீங்களும் அக்காவும் சுகம்தானே. இங்கே சுகம் என்று எழுத முடியாது. ஆனால் வைத்திலிங்கம் சித்தப்பா போனில் சொல்லியிருக்கும் அளவுக்கு மோசமும் இல்லை.

ஆமாம், இன்று காலை உங்கள் தம்பியை வீட்டுக்கு ஏற்றிப் போக வந்த ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பியது நான்தான். "சொந்த விருப்பத்தின் பேரில் வீட்டுக்கு அழைத்துப் போகிறோம்" என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட மறுத்ததும் நான்தான். சேத்தியாத்தோப்பில் பந்தல்காரரிடம் சித்தப்பா சொல்லி வைத்திருந்தார். அவருக்கும் நானே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பேதலித்தவள் இவ்வளவு ஒழுங்காகக் கோடு போட்ட நோட்டில் எழுதுவாளா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் சந்திரலேகாவின் நோட்டுதான். எழுதி முடித்ததும் அவள் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவாள். போனில் பேசினால் நீங்கள் பேசுவீர்கள், நான் அழுவேன், வைத்துவிடுவோம். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. தவிர, போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உங்கள் தம்பியைப் பார்த்த பிறகு நீங்கள் என் போனை எடுக்கவே இல்லை. எல்லாம் சித்தப்பா வழியாகத்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். அவருக்கு வந்தது முதலில் வெறும் டெங்குதான். மூன்று நாள் நிலவேம்புக் கஷாயம் கொடுத்து வீட்டில் வைத்திருந்தேன். அது என் தவறு. பிறகு கடலூரில் சேர்த்தோம். காய்ச்சல் விட்டது, ரத்தத் தட்டணுக்கள் ஏறின, நாளை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அன்று பாத்ரூமுக்கு நடந்தவர் ஒரு காலில் செருப்பு இல்லாமல் திரும்பி வந்தார். செருப்பு கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் டம்ளர் கையில் நிற்கவில்லை. அதற்கு மறுநாள் மூச்சு திணறியது. ஆம்புலன்ஸில் சிதம்பரம் கொண்டுவந்தோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று வழியெல்லாம் அவர் காதில் சொல்லிக்கொண்டே வந்தேன். இருபத்திரண்டு வருடம் கண்டக்டராக அவர் கூவிய பெயர்கள். வேறு என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் அருள்மொழி எனக்குப் புரியும்படி சொன்னார். காய்ச்சலோடு சண்டை போட்ட உடம்பு, காய்ச்சல் போன பிறகும் சண்டையை நிறுத்தாமல் தன் நரம்புகளையே அடிக்கிறதாம். லட்சத்தில் ஒருவர் இருவருக்குத்தான் வருமாம். கை, கால், நாக்கு, மூச்சு எதுவும் அசையாது. ஆனால் மூளைக்கு ஒன்றுமில்லை, எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும். ஐந்து நாள் மருந்து ஏற்றினார்கள். நடுவில் மெஷினில் இருந்ததாலேயே நுரையீரலில் சளி கட்டி மறுபடியும் காய்ச்சல். தொண்டையில் துளை போட்டிருக்கிறார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கண் இமை மட்டும் அசைகிறது என்பதும் தெரியும்.

உங்களுக்குத் தெரியாதது இனிமேல்தான்.

ஆமாம் என்றால் ஒரு முறை கண்ணை மூடித் திறக்க வேண்டும், இல்லை என்றால் இரண்டு முறை என்று முதல் வாரமே அவரிடம் சொல்லி, தாளில் எழுதிக் கட்டிலுக்குமேல் ஒட்டியிருந்தார்கள். சொன்ன நேரத்தில் அவருக்கு மயக்க மருந்து ஓடிக்கொண்டிருந்தது. தாள் ஒட்டியிருந்ததோ அவர் தலைக்குப் பின்னால். அவரைத் தவிர எல்லோரும் அதைப் படித்தோம். குளிருகிறதா என்று கேட்டால் இரண்டு முறை சிமிட்டுவார், குளிரவில்லையாம் என்று போர்வையை எடுத்துவிடுவார்கள். சாமிப் பாட்டுப் போடவா என்று கேட்டேன், ஒரு முறை சிமிட்டினார். மூன்று நாள் விடாமல் காதருகே போட்டேன். நீங்களே சொல்லுங்கள், உங்கள் தம்பி என்றைக்கு சாமிப் பாட்டு கேட்டார்? எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை சித்தப்பா வற்புறுத்தியதால் டாக்டர் அவரிடம் நேராகவே கேட்டார், வீட்டுக்குப் போய்விடலாமா என்று. ஒரு முறை மூடித் திறந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். டாக்டர் வெளியே போய்ச் சொன்னதும், அவனே சொல்லிவிட்டான், இனி என்ன என்று சித்தப்பா வராண்டாவிலிருந்தே உங்களுக்குப் போன் செய்தார். வெள்ளிக்கிழமை ஆகாது, வியாழக்கிழமையே உயிரோடு வாசல்படி தாண்டிவிட வேண்டும் என்று நாள் குறித்தது அப்போதுதான். அவரே சொன்ன பிறகு நான் யார் மறுக்க என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

நேற்று ராஜமாணிக்கம் அண்ணன் பார்க்க வந்தார். உங்கள் தம்பியோடு பதினோரு வருடமாக ஒரே வண்டியில் ஓடும் டிரைவர். கால்மாட்டில் நின்று என்ன பேசுவதென்று தெரியாமல் டிப்போ கதை சொன்னார். புதுக் கண்டக்டர் விசிலே ஊதுவதில்லை, தகரத்தைத் தட்டுகிறான், நிறுத்தச் சொல்கிறானா எடுக்கச் சொல்கிறானா என்றே தெரியவில்லை என்று புலம்பினார். நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னதும், வழக்கமாகக் கேட்கிற மாதிரி, "இன்னாப்பா, எடுக்கட்டுமா?" என்றார். உங்கள் தம்பியின் கண் சட்டென்று இரண்டு முறை மூடித் திறந்தது. அண்ணன் சிரித்துக்கொண்டே, "பாத்தியாம்மா, ரெண்டு விசில் குடுக்கறான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அண்ணன் கதவு வரைக்கும் போயிருப்பார், மாமா. எனக்குத் தலையில் யாரோ தண்ணீரைக் கொட்டிய மாதிரி இருந்தது. ஒரு விசில் என்றால் நிறுத்து. ரெண்டு விசில் என்றால் போ. இருபத்திரண்டு வருடம் அவருக்கு வேண்டாம் என்பது ஒன்று, சரி என்பது இரண்டு. வாயும் கையும் போன மனுஷன் தனக்குத் தெரிந்த பாஷையில்தானே பேசுவார்?

ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு நிதானமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். உங்கள் பெயர் இளவரசா? இரண்டு. நீங்கள் டிரைவரா? ஒன்று. மகள் பெயர் சந்திரலேகாவா? இரண்டு. இந்த ஊர் விழுப்புரமா? ஒன்று. பத்துக் கேள்வி கேட்டார், ஒன்றுகூடத் தவறவில்லை. மெஷினை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டார். ஒரே ஒரு முறை. வைத்தியத்தைத் தொடரலாமா என்று கேட்க ஆரம்பித்தார், கேள்வி முடிவதற்குள் இரண்டு முறை மூடித் திறந்தாயிற்று. டாக்டர் எழுந்து அந்தத் தாளைக் கிழித்தார். "எங்க தப்புதாம்மா, மன்னிச்சிடுங்க" என்றார். புதிய தாளை உங்கள் தம்பியின் கண்ணுக்கு நேராகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். "இமை எல்லாருக்குந்தான் ஆடும், இத்தப் போயி பேச்சுங்கறியே" என்றார். உள்ளே வந்து நீங்களே கேளுங்கள் என்றேன். அந்தக் கோலத்தைப் பார்க்க மாட்டேன் என்று வராண்டாவிலேயே நின்றுவிட்டார். பத்தொன்பது நாளாக ஒருமுறைகூட உள்ளே வந்து முகத்தைப் பார்க்காதவர், உங்கள் தம்பிக்கு நாள் குறிக்கிறார். வயதில் பெரியவர், அதனால் இதோடு விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வருவாராம். நூறு பேர் வந்தாலும் நான் கட்டிலை விட்டு நகரப் போவதில்லை.

நீங்கள் ஏன் அவர் பக்கம் நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மாமனாரை இருபது நாள் மெஷினில் வைத்திருந்தபோது, வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று கெஞ்சியவர் உங்கள் தம்பி. நீங்கள் கேட்கவில்லை. அதில் வந்த சண்டையில்தான் இரண்டு வருடமாக நீங்கள் இருவரும் பேசவில்லை. அன்று அவன் பேச்சைக் கேட்காமல் போனோமே, இன்றைக்காவது கேட்போம் என்று நினைக்கிறீர்கள். அது நல்ல மனசு, மாமா. ஆனால் மாமனாருக்கு எண்பத்தொன்று, சிறுநீரகம் இரண்டும் போயிருந்தது. இவருக்கு நாற்பத்தாறு. அவர் அப்பாவுக்குச் சொன்ன பதிலை எடுத்து இவருக்கு ஒட்டாதீர்கள். இவர் பதிலை இவரே சொல்லிவிட்டார்.

பிழைத்து எழுந்துவிடுவார் என்று டாக்டர் சத்தியம் செய்யவில்லை. ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடம் ஆகலாம், நடை பழையபடி வராமலும் போகலாம், சளி மறுபடி கட்டினால் ஆபத்து என்றும் சொல்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. பயத்தோடுதான் நிற்கிறேன். நேற்று வலது கட்டைவிரல் நெல் அளவுக்கு அசைந்தது. நான் மட்டும் பார்த்தேன் என்றால் நம்ப வேண்டாம், நர்ஸும் பார்த்து எழுதியிருக்கிறார்.

இன்னொன்றும் இப்போது புரிந்தது. போன வாரம், கஷாயம் கொடுத்து நாளைக் கடத்தினேனே, என் மேல் கோபமா என்று அவரிடம் கேட்டிருந்தேன். ஒரு முறை சிமிட்டினார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

இதுவரை எழுதியதைப் படித்தபோதுதான் நீங்கள் கேட்டது நினைவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீங்கள் இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "டேய், நான் கெளம்பி வரட்டாடா?" என்று கேட்டீர்கள். நாங்கள் எல்லோரும் தாளைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்கிறார் என்று உங்களிடம் சொன்னோம். நீங்கள் உடனே போனை வைத்தீர்கள். போட்டிருந்த டிக்கெட்டை அன்றே ரத்து செய்துவிட்டீர்கள் என்று அக்கா பிறகு சொன்னார்.

மாமா, அவர் அன்றைக்கு இரண்டு முறை சிமிட்டினார்.

நடராஜர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடுங்கள்.

கட்டில் பக்கத்திலிருந்து,
வினோதினி