மிளகுக்கு ஒரு சேவையை எழுப்பும் அனுமதி வேண்டி

அனுப்புநர்
மின்தூக்கி இயக்குபவர்,
பொது மருத்துவமனை.

பெறுநர்
கணினிப் பிரிவு அதிகாரி அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: பரிசோதனைக்கூடக் கணினியில் அச்சுச் சேவையை நிறுத்தித் தொடங்க அனுமதி கோருதல், மெமோவைத் திரும்பப் பெறக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மருத்துவமனையின் லிஃப்ட் என் கையில்தான் ஓடுகிறது. பெரிய டாக்டரே என்னைக் கேட்டுத்தான் மேலே போவார். மூன்றாம் மாடி இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் கணினி இயக்கும் பெண் என் அக்கா மகள். உருவம் சிறிது, காரம் அதிகம். வீட்டில் மிளகு என்போம். அவளுக்கு ஒன்று, இரண்டு எண்ணச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அதன் பிறகு கணினியெல்லாம் அவளுக்கு எம்மாத்திரம்!

2. அக்கணினியில் விண்டோசுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் 'சேவை' என்ற ஒரு சிறு நிரல் ஓடுகிறது. அது ஓடினால்தான் பரிசோதனை முடிவு அச்சாகும். அது அடிக்கடி படுத்துக்கொள்கிறது. எழுப்பப் போனால் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்கிறது. எழுப்பும் அனுமதி, ஓய்வு பெற்ற மேற்பார்வையாளரின் கணக்கில் மட்டுமே இருக்கிறது. அவரோ மகள் வீட்டில் பேரனைத் தூங்க வைத்துக்கொண்டிருக்கிறார்.

3. ஆகவே மிளகு முழுக் கணினியையும் அணைத்துத் திரும்பப் போடுவாள். கணினி எழும்போது சேவையும் தானாக எழுந்துவிடும். மூளையைப் பாருங்கள் ஐயா! ஆனால் சென்ற வாரம், அதே கணினியில் தன் அறையிலிருந்தே இணைந்து நான்காம் மாடி டாக்டர் தட்டிக்கொண்டிருந்த அறிக்கை பாதியில் காணாமல் போனது. அவர் போட்ட சத்தத்தில் என் லிஃப்டே ஆடியது. மறுநாள், அனுமதியின்றிக் கணினியை அணைத்தது ஏன் என்று தங்கள் பிரிவிலிருந்து அவளுக்கு மெமோ வந்தது. அவள் ஒப்பந்த ஊழியர். மெமோ நிலைத்தால் ஒப்பந்தம் நீளாது.

4. அவளுக்கு முழு நிர்வாகி அதிகாரமே தாருங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பாவி மகள் பேனாவைப் பிடுங்கிவிட்டாள். "சும்மா இரு மாமா. எல்லாச் சாவியும் எனக்கு எதுக்கு? நாளைக்கு எது கெட்டாலும் என் தலையிலதான் விழும். அந்த ஒண்ணை நிறுத்த, தொடங்க, ஓடுதான்னு பார்க்க விட்டா போதும்" என்றாள். ஒரு கணக்குக்கு, ஒரு சேவைக்கு மட்டும் அப்படி அனுமதி தர விண்டோசில் வழி இருக்கிறதாம்.

5. இனி அணைக்க மாட்டேன் என்று மெமோவுக்குப் பதில் எழுதி வைத்திருக்கிறாள், திங்கட்கிழமை கொடுப்பாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அப்புறம் சேவை படுத்தால் முடிவு வராது. காத்திருந்தவர்கள் வெறுங்கையோடு என் லிஃப்டில்தான் இறங்குவார்கள். அந்த முகங்களை நான் எப்படிப் பார்ப்பேன்?

எனவே, திங்களுக்குள் அந்த ஓர் அனுமதியை அவள் கணக்கில் சேர்த்து, மெமோவைத் திரும்பப் பெறும்படி பணிவன்புடன் வேண்டுகிறேன். கோப்பில் ஒரு மெமோ இருந்தே தீர வேண்டுமென்றால், அதை என் பெயருக்கு மாற்றிவிடுங்கள். ஆள் இல்லாமலே லிஃப்டை மூன்றாம் மாடியில் அடிக்கடி நிறுத்துகிறேன் என்று எழுதலாம். அவள் சாப்பிட்டாளா என்று எட்டிப் பார்க்கத்தான் நிறுத்துகிறேன். அதை ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: லிஃப்டினுள், தரைத் தளம்

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
மின்தூக்கி இயக்குபவர்,
மிளகின் தாய்மாமன்