எல்லையில் ஆடிய பச்சை விளக்கு

ஜெலுத்தோங், பினாங்கு
16-2-1931

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை தனம் எழுதுவது.

நானும் உங்கள் மருமகளும் சுகம். சிவகாமிக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல் முளைத்துவிட்டது. நேற்று என்னுடைய தர்க்க சாஸ்திரப் புத்தகத்தின் மூலையைத் தின்றுவிட்டாள். காலேஜில் நான்கூட அதை அவ்வளவு ஆசையாகத் தொட்டதில்லை.

சித்திரையில் அவளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது? கோலாலம்பூர் ஆபீசுக்கு மாற்றலாகிப் போன பிறகு நீங்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. "கமிட்டி வேலை" என்று தந்தி அடித்தீர்களானால் அப்புறம் நான் பேசமாட்டேன்.

அந்தக் கமிட்டியைப் பற்றித்தான் இப்போது எழுத உட்கார்ந்தேன். பிள்ளை தூங்கட்டும் என்று காத்திருந்ததில் நேரமாகிவிட்டது.

சயாம் ரயிலும் நம் ரயிலும் ஒரே தண்டவாளத்தில் ஓடுவதால் இரண்டு நாட்டு விதிகளையும் ஒன்றாக்குகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். விளக்கு விதியை ஒன்றாக்கிவிட்டீர்களா? பச்சை விளக்கை மேலும் கீழும் ஆட்டினால் நம் பக்கம் "வழி இருக்கிறது, வரலாம்" என்று அர்த்தமாம். அவர்கள் பக்கம் "மெதுவாக வா, முன்னால் வண்டி நிற்கிறது" என்று அர்த்தமாம். எல்லை ஸ்டேஷனில் இரண்டு பக்கத்து ஆட்களும் விளக்கு ஆட்டுகிறார்கள்.

போன வாரங்களில் ஒரு நாள் உங்கள் மாப்பிள்ளை இஞ்சினை ஓட்டிக்கொண்டு போனபோது தண்டவாளம் மாற்றிவிடுகிற ஒரு சயாம்காரப் பாயிண்ட்ஸ்மேன் அப்படி ஆட்டியிருக்கிறான். இவர் வேகத்தைக் குறைக்கவில்லை. முன்னால் ஒரு வண்டி நிறைய ஜனங்கள் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிரேக் பிடித்து நின்றபோது நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்ததாம்.

கரி அள்ளிப் போடும் அர்ஜுனன் இஞ்சினுக்கு அடியில் பிரேக்கைச் சோதித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவரும் அந்தச் சயாம்காரனும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்களாம். இவருக்கு அவன் பாஷை தெரியாது, அவனுக்கு இவர் பாஷை தெரியாது. அவன் ஒரு சுருட்டைப் பற்றவைத்து, பாதி பிடித்துவிட்டு இவரிடம் நீட்டினானாம். இவரும் பிடித்தாராம். யாரிடமும் சொல்வதில்லை என்று அதிலேயே முடிவாகிவிட்டது. ஆட்குறைப்புக் காலம் அண்ணே, சொன்னால் இரண்டு பேர் வேலையும் போகும்.

அவர் இதை என்னிடம் மட்டும் சொன்னார். நான் உங்களிடம் சொல்வது அவருக்குத் தெரியாது. அவர் வண்டி ஏறுகிற ஒவ்வொரு நாளும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அந்த விளக்கை மட்டும் சீக்கிரம் சரிசெய்யச் சொல்லுங்கள். அவர் பெயர் எங்கேயும் வரக் கூடாது.

அன்புத் தங்கை
தனம்


கோலாலம்பூர்
23-2-1931

அருமைத் தங்கை தனத்துக்கு மெய்யநாதன் ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஆண்டவன் காப்பாற்றினான். என் மருமகள் தர்க்க சாஸ்திரம் தின்கிறாள் என்றால் நாளைக்கு வக்கீலாகத்தான் வருவாள்.

நம் கமிட்டியின் லட்சணத்தைக் கேள். பெட்டிக்குப் பெட்டி மாட்டும் கொக்கியின் அளவில் ஒப்புக்கொண்டார்கள். பிரேக் குழாயில் ஒப்புக்கொண்டார்கள். விளக்கு என்றால் மட்டும் இரண்டு பக்கத் துரைமார்களும், "இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே, எங்கள் வழக்கத்தை நாங்கள் ஏன் மாற்ற வேண்டும்?" என்கிறார்கள். நான் கரடியாய்க் கத்திப் பார்த்துவிட்டேன்.

இனிமேல் அப்படிச் சொல்ல முடியாது. நடந்தது எந்த நாள் என்று மட்டும் எழுது. நாள் இல்லாமல் பேசினால் கட்டுக்கதை என்பார்கள். பெயர் என் வாயிலிருந்து வராது. எந்தப் பிள்ளையை மடியில் வைக்கப்போகிறேனோ அந்தப் பிள்ளைமேல் சத்தியம்.

அவளுக்குத் தங்கத் தோடு செய்யச் சொல்லிவிட்டேன். சித்திரையில் முதல் வண்டியிலேயே வந்து நிற்பேன்.

உன் அண்ணன்
மெய்யநாதன்


ஜெலுத்தோங்
2-3-1931

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாளாயிற்று. எழுதலாமா வேண்டாமா என்று தவித்தேன். அந்த நாளில் எல்லைக்கு எத்தனை வண்டி போயிருக்கும், யார் ஓட்டினார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடாதா? அதையும் யோசியுங்கள்.

நேற்று அவர் தூக்கத்தில் கையை நீட்டி எதையோ பிடித்து இழுத்தார். பிரேக்கைத்தான். எழுப்பிக் கேட்டால், "ஒண்ணுமில்ல புள்ள, படு" என்கிறார்.

தைப்பூசத்துக்கு மறுநாள்.

சத்தியம் செய்திருக்கிறீர்கள், அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

தனம்


கோலாலம்பூர்
11-4-1931

அருமைத் தங்கைக்கு,

வாயில் சர்க்கரையைப் போட்டுக்கொண்டு படி. விளக்கு விதி நிறைவேறிவிட்டது. மே முதல் தேதியிலிருந்து பச்சையை மேலும் கீழும் ஆட்டினால் இரண்டு நாட்டிலும் "மெதுவாக" என்ற ஒரே அர்த்தம்தான். நம் பக்கம்தான் மாறிக்கொண்டது. நோட்டீசைத் தமிழில் எழுதியவன் உன் அண்ணன். கமிட்டிக்கு என்னைத் துணைக் காரியதரிசியாகப் போட்டிருக்கிறார்கள்.

ஒரு சிறு விஷயம். நாளைச் சொன்னதும் துரை, "யார் சொன்னது, யாருக்கு நடந்தது?" என்று பிடித்துக்கொண்டார். சொல்லாவிட்டால் அன்றைக்கு அது தள்ளுபடியாகியிருக்கும். எத்தனை உயிர் என்று எண்ணிப் பார். யாரையும் தண்டிக்கும் உத்தேசம் இல்லை என்று துரை வாயாலேயே சொன்னார். பேருக்கு ஒரு விசாரணை வந்தாலும் வரலாம். மாப்பிள்ளையை உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல். படித்தவள் நீ, உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தோடு தயாராகிவிட்டது. இத்துடன் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். காது குத்தும் நாளைச் சொல், லீவு போடுகிறேன்.

மெய்யநாதன்


ஜெலுத்தோங்
12-5-1931

அண்ணனுக்கு,

பேருக்கு ஒரு விசாரணை வந்தது. பிறை ஸ்டேஷனில் வைத்து நடத்தினார்கள். காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பெர்ரி ஏறிப் போனவர் மத்தியானமே திரும்பிவிட்டார். டிரைவர் வேலை போய்விட்டது. மறைத்ததற்காகவாம். இந்த மாதக் கடைசியில் நாகப்பட்டினம் போகிற கப்பலுக்குச் சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சயாம்காரனையும் அவர்கள் பக்கத்தில் நீக்கிவிட்டார்களாம்.

நீங்கள் கமிட்டியில் சொன்னதை அங்கே இங்கிலீஷில் வாசித்திருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே சுருட்டைப் பிடித்துக்கொண்டு உண்மையை மறைக்கத் திட்டம் போட்டார்கள் என்று. சுருட்டு எதற்கு அண்ணே உங்கள் விதிக்கு? நாள் போதும் என்றீர்களே.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "சுருட்டு விஷயம் எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். அவனுக்கு இங்கிலீஷ் வராது."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், பிள்ளையைத் தூக்குகிறார். என்னிடம் பேச்சு இல்லை.

விதி நல்ல விதிதான். அர்ஜுனன் இப்போது வேறொரு டிரைவரோடு போகிறான். வந்து சொன்னான்: "இப்ப ஆட்டுனா எல்லாரும் மெதுவாத்தான் போறோம் அக்கா. நல்லாத்தான் இருக்கு லா. அண்ணன்தான் இல்ல." நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். நான் கேட்டதுதானே கிடைத்திருக்கிறது. அவர் எனக்கென்று சொன்னதை உங்களிடம் கொடுத்தது நான். அதற்கு உங்களைக் குற்றம் சொல்லமாட்டேன். நான் பயந்து கொடுத்தேன். நீங்கள் பிள்ளைமேல் சத்தியம் பண்ணி வாங்கிக்கொண்டீர்கள்.

முந்தாநாள் சிவகாமிக்குக் காது குத்தினோம். உங்களுக்கு நாள் எழுதவில்லை. இந்தத் தடவை எழுதாமல் இருக்கத் தெரிந்துகொண்டேன்.

சூலியா தெருவிலிருந்து வந்த ஆசாரி பலகையைப் போட்டுவிட்டு, "தாய்மாமன் எங்கம்மா? உட்காரச் சொல்லுங்க" என்றார். பக்கத்து வீட்டு நூர் பீவி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் அவர் வாய் திறந்தார். "டேய் அர்ஜுனா, நீ உட்காருடா."

அவன் பதறிப்போய், "கையெல்லாம் கரிண்ணே" என்றான். எத்தனை கழுவினாலும் அவன் நகத்தில் அது போகாது. "பரவால்ல உட்காரு" என்று பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் வைத்தார். ஊசி ஏறினபோது அவள் வீறிட்டு, அவன் விரலைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவனும் அழுதான். குத்தின காதில் ஆசாரி வைத்திருந்த சின்ன வெள்ளி வளையத்தைப் போட்டிருக்கிறோம்.

உங்கள் தோடு இத்துடன் ரிஜிஸ்டரில் வருகிறது. பெட்டியை நான் திறக்கவில்லை.

அக்கரையில் எங்கே இருப்போம் என்று தெரியாது, தெரிந்தாலும் எழுதப்போவதில்லை. நாளைக்கு அவள் வளர்ந்து, யார் மடியில் எனக்குக் காது குத்தினீர்கள் என்று கேட்டால் அர்ஜுனன் பெயரைச் சொல்வேன்.

சிவகாமியின் தாய்
தனலெட்சுமி