நீங்கள் போடாத துண்டுப்பிரசுரங்கள்

என்ர அம்மாவுக்கு,

நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதற்கு என் கிறிஸ்தவச் சபையிடம் ஒரு தெளிவான பதில் இருக்கிறது. உங்களிடமும் ஒன்று இருந்தது: "செத்தா முடிஞ்சுது தம்பி, பிறகென்ன." இரண்டில் எது சரி என்று தெரியாமல்தான் எழுதுகிறேன். நீங்கள் போய் ஏழு மாதம். லண்டனில் எங்கள் மோர்டன் வீட்டில் உங்கள் குளிர்க்கோட்டு இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது.

போன சனிக்கிழமை கட்சிக் கூட்டம் நடந்தது. கவுன்சில் தேர்தலுக்கு எங்கள் வட்டாரத்தில் யாரை நிறுத்துவது என்று முடிவெடுக்கும் கூட்டம். நீங்கள் இருந்திருந்தால் நீங்கள்தான் வேட்பாளர். உங்களுக்குப் பதிலாக நான் போனேன். அங்கே ஒரு காரியம் செய்துவிட்டேன். அதை ஊர் முன்னால் செய்தேன். ஆகவே ஊர் முன்னாலேயே உங்களுக்குச் சொல்கிறேன்.

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தையாக இருந்த என்னைத் தூக்கிக்கொண்டு அகதியாக இங்கே வந்தீர்கள். அப்பா வரவில்லை, வருவதற்கு அவர் உயிரோடு இல்லை. வீடு கேட்டு எழுத ஆங்கிலம் போதாமல் நின்ற உங்களுக்கு ஒரு கவுன்சிலர் கடிதம் எழுதித் தந்தார். அவ்வளவுதான். அந்த ஒரு கடிதத்துக்காக அவருடைய கட்சிக்கு இருபது வருடம் நடந்தீர்கள். ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் ஷிப்ட் முடிந்ததும், மரக்கறி வாங்க இழுத்துக்கொண்டுபோகும் சில்லுப் பையில் துண்டுப்பிரசுரங்களை அடுக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போய் வீட்டுக்கு வீடு போடுவீர்கள். "சாந்தியக்கா ஒரு கதவையும் விட்டதில்ல" என்பது கட்சிக் கிளையில் ஒரு பேச்சாகவே இருந்தது.

எனக்குப் பதினைந்து வயதானபோது என்னை இளைஞர் அணியில் சேர்த்தீர்கள். சேர்த்தீர்கள் என்றால், படிவத்தை நிரப்பி என் கையெழுத்தையும் நீங்களே போட்டீர்கள். அட்டை தபாலில் வந்தபோதுதான் எனக்கு விஷயமே தெரியும்.

"என்னைக் கேட்டனீங்களோ?"

"கேட்டா நீ ஓம் எண்டுதானே சொல்லியிருப்பாய். நேரம் மிச்சம்."

சபைக்கும் நீங்கள்தான் காரணம் அம்மா. இதை நீங்கள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. வெள்ளைச் சட்டையும் பெயர்ப்பட்டையுமாக மோர்மன் என்னும் கிறிஸ்தவச் சபையின் இரண்டு பெடியங்கள் எங்கள் தெருவில் கதவு தட்டிக்கொண்டு வந்தார்கள். மற்ற எல்லாரும் சாத்திவிட்டார்கள். நீங்கள் திறந்தீர்கள். கதவு தட்டுகிறவர்களின் கால்வலி உங்களுக்குத் தெரியும். "வாங்கோ, இருங்கோ" என்று தேத்தண்ணி போட்டு வந்தால், எங்கள் மார்க்கத்தில் தேநீர் குடிப்பதில்லை என்றார்கள். உடனே தேசிக்காய்த் தண்ணி கரைத்துக் கொடுத்துவிட்டு, "தம்பி, உவங்களோட கொஞ்சம் கதை, எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று போய்விட்டீர்கள். நான் கதைத்தேன். ஆட்கள் மாறி மாறி வந்தார்கள். இரண்டு வருடம் கதைத்து, பத்தொன்பது வயதில் ஞானஸ்நானம் எடுத்தேன்.

"கடவுளை மாத்தினது பரவாயில்லை," என்றீர்கள். "தேத்தண்ணியை விட்டிட்டியே. நீயெல்லாம் ஒரு தமிழனோ?"

ஞாயிறு காலையில்தான் கட்சி கதவு தட்டப் போகும். ஞாயிறு எனக்குச் சபை. நீங்கள் கிளைக் கூட்டத்தில் எழும்பி நின்று, சனங்கள் சனிக்கிழமையில்தான் வீட்டில் நிற்கிறார்கள் என்று துணிந்து ஒரு பொய்யைச் சொல்லி, கதவு தட்டும் நாளையே மாற்றினீர்கள். எனக்காக என்று எவரிடமும் சொல்லவில்லை. என்னிடமும்தான்.

அப்படித்தான் கட்சியும் சபையும் என்னிடம் சேர்ந்து கிடந்தன. பசித்தவனுக்குச் சோறு, வீடில்லாதவனுக்கு வீடு. இரண்டு இடத்திலும் அதுதானே பேச்சு என்று நினைத்தேன். சபையில் சிலர், குடும்பத்தைப் பற்றி அந்தக் கட்சி சொல்வதையெல்லாம் நீ ஏற்கிறாயா என்று கேட்பார்கள். கட்சியில் சிலர், கலியாணத்தைப் பற்றி உன் சபை சொல்வதையெல்லாம் நீ ஏற்கிறாயா என்று கேட்பார்கள். பிஷப்பிடம் போனேன். எங்கள் பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது. கிழமை நாட்களில் பஸ் ஓட்டுகிறார். "இந்தக் கட்சிக்கு வாக்குப் போடு, அந்தக் கட்சிக்குப் போடாதே என்று சபை சொல்லாது. அதை நீயும் உன் மனச்சாட்சியும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் லிப்ட் திருத்துகிறவன். பழுதென்றால் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஓர் இலக்கம் காட்டும்; அந்தப் பாகத்தை மாற்றிவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போவேன். மனச்சாட்சியில் என்ன இலக்கம் காட்டும்?

பிறகு அந்தத் துண்டுப்பிரசுரம் வந்தது.

ஒரு பக்கத்தில் மேலே கிளம்பும் விமானத்தின் படம். மறுபக்கத்தில், வரக்கூடாதவர்களை நாங்கள் திருப்பி அனுப்புகிறோம் என்று பெருமையாக. அதே கிழமை எங்கள் சபை, ஹவுன்ஸ்லோவில் ஒரு ஹோட்டலில் வைக்கப்பட்டிருந்த அகதிகளுக்குக் குளிர் உடுப்புச் சேர்த்துக்கொண்டிருந்தது. நானும் மூட்டை கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பாட்டு மேசையில் அந்தப் பிரசுரங்கள் ஒரு கட்டு.

"இதையும் கொண்டுபோய்ப் போடப்போறீங்களோ?"

"கிளை தந்தது. போடத்தானே வேணும்."

"உங்களைப் போல ஆக்களைத்தான் அம்மா இதில திருப்பி அனுப்புகினம்."

"கட்சி எண்டா எல்லாம் பிடிச்ச மாதிரி இருக்குமோ? உன்ர சபையில பொம்பிளையள் பிஷப்பா வரேலாது. ஏன்ரா அங்க போறாய் எண்டு நான் ஒருநாளாவது கேட்டனானோ?"

பதில் இல்லாதபோது நான் எப்படிக் கதைப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

"அண்டைக்கு உந்தக் கட்சி இப்பிடி இருந்திருந்தா, நீங்களும் நானும் உந்தப் பிளேனிலதான். தெரிஞ்சுகொண்டும் ஒரு வீடு விடாமப் போடுங்கோ. வெக்கமில்லாத ஆள் நீங்கள்."

நீங்கள் எழும்பிப் போய்க் கோப்பைகளைக் கழுவினீர்கள்.

பிறகு பத்து நாள். "சாப்பாடு பிரிட்ஜில இருக்கு." "வீட்டுத் திறப்பை எடுத்தனியோ?" இவ்வளவுதான் கதை. பதினோராம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன். குசினியில் வேலைக்கிடையில் விழுந்துவிட்டீர்கள் என்றார்கள். நான் அப்போது ஒரு லிப்ட் குழிக்குள் நின்றேன். வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே விழுந்த ஆளைக் காப்பாற்ற முடியவில்லை என்பதை என்னால் இன்னும் விளங்கிக்கொள்ள முடியவில்லை. யாரைக் கேட்பது?

செத்தவீட்டுக்கு இரண்டு பக்கமும் வந்தது. கட்சிக்காரர்கள் ஒரு மூலையில் தேத்தண்ணியோடு; சபைக்காரர்கள் மற்ற மூலையில் பழச்சாற்றோடு. அங்கேயே ராமன் அங்கிள் என்னைத் தனியே கூப்பிட்டார். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட மனிதர், எங்கள் கிளைத் தலைவர். "அம்மா இடத்துல நீ நில்லுப்பா. அவங்க பேருக்கே பாதிப் பேர் ஓட்டுப் போட்டுருவாங்க" என்றார். வருடா வருடம் நல்லாய் உழைக்கும் தொண்டருக்கு உங்கள் பெயரில் ஒரு பரிசு கொடுக்கப்போவதாகவும் சொன்னார். நான் ஓம் என்றேன். கட்சி பிடித்ததால் அல்ல. உங்களுடையது என்று மிஞ்சியிருந்தது அதுதான்.

சபையிலும் ஒன்று மிஞ்சியிருந்தது. ஞானஸ்நானம் இல்லாமல் செத்தவர்களுக்காக உயிரோடு இருப்பவர்கள் அதை எடுக்கலாம். லண்டனுக்குத் தெற்கே எங்கள் ஆலயத்தில் அதற்கென்று ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, பன்னிரண்டு எருதுச் சிலைகளின் முதுகில். இதை முதலில் சொன்னபோது நீங்கள் சிரித்த சிரிப்பு நினைவிருக்கிறதா? "மாட்டுக்கு மேல தொட்டியோ?" என்று கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "நான் உன்னைக் கட்சியில போட்டன். செத்தாப்பிறகு நீ என்னைத் தொட்டியில போடு. சரிக்குச் சரி."

அது சம்மதமா, நக்கலா? அன்றைக்கே கேட்டிருக்கவேண்டும்.

பெண்ணுக்காகப் பெண்தான் இறங்கவேண்டும். சபையில் லோர்னா என்று ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ் இருக்கிறார்; செத்தவீட்டுக்கு மூன்று தட்டுச் சோறு கொண்டுவந்தவர். உங்களுக்காகத் தான் இறங்குவதாக அவராகவே சொன்னார். நெருங்கிய உறவின் அனுமதி மட்டும் போதுமாம். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அந்த உறவு நான்தான். எவ்வளவு சுகம் பாருங்கள்: உங்களுக்காக ஓம் சொல்ல உலகத்திலேயே நான் ஒருவன் போதும்.

கூட்டத்துக்கு முந்தின கிழமை உங்கள் சில்லுப் பையை எடுத்தேன், நானும் அதோடு தெருவில் இறங்கலாம் என்று. அடியில் கையை விட்டேன். வெங்காயத் தோல், ஒரு குடை, அதற்குக் கீழே அந்த விமானம். ரப்பர் வளையம்கூடக் கழற்றப்படவில்லை. முழுக் கட்டும் இருந்தது. ஆனால் நீங்கள் கிளைக்குக் கொடுத்த தெருப் பட்டியலின் பிரதி அதோடு இருந்தது. பிரசுரம் போட்டாயிற்று என்று எல்லாத் தெருவுக்கும் நேரே சரி அடையாளம் போட்டிருந்தீர்கள்.

குசினி நிலத்திலேயே இருந்துவிட்டேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் கத்தியதால்தான் போடாமல் விட்டீர்களா, அல்லது மேசையில் பிரசுரக் கட்டை வைத்தபோதே போடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தீர்களா? முடிவெடுத்திருந்தால், வெட்கமில்லாத ஆள் என்று நான் உங்களைச் சொன்னபோது ஏன் சும்மா இருந்தீர்கள்? ஒரு வார்த்தை. "போடேல்லையடா." அவ்வளவு போதுமே.

சனிக்கிழமைக் கூட்டம் பக்கத்தில் கோலியர்ஸ் வுட்டில். அந்தப் பிரசுரக் கட்டையும் பையில் கொண்டுபோனேன். அதைப் பற்றிக் கேட்டால் காட்டுவது என்றுதான் கொண்டுபோனேன், அதை மறைக்கமாட்டேன். கட்சி உறுப்பினரான ஓர் ஆசிரியை கேட்டார்: "உங்கள் சபையும் கட்சியும் முட்டினால் நீங்கள் எந்தப் பக்கம்?"

"அது எப்போதோ முட்டிவிட்டது," என்றேன். "சில நாள் சபையோடு சண்டை, சில நாள் உங்களோடு. ஆனால் அந்த விமானப் பிரசுரத்தை நான் போடமாட்டேன்."

ராமன் அங்கிள் எனக்கு உதவி செய்வதாக நினைத்துத் தமிழில் சொன்னார்: "தம்பி, உங்கம்மா ஒரு வார்த்தை கேக்காம போட்டாங்க. அகதியா வந்தவங்களே போட்டாங்க. உனக்கு என்னப்பா?"

பிரசுரக் கட்டை எடுத்து மேசையில் வைத்தேன். "அம்மாவும் போடவில்லை" என்று எல்லாருக்கும் விளங்கும்படி ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்த விமானத்தைப் பற்றி இனியாவது கதைப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் கதைக்கவில்லை. "அப்படியென்றால் பட்டியலில் சரி போட்டிருக்கிறதே?" என்று ஒருவர் கேட்டார். "மற்றத் தெருக்களும் இப்படித்தானோ? முந்தைய வருடங்களிலும்?" என்று இன்னொருவர். இருபது வருடம் அம்மா. மழையிலும் பனியிலும் நடந்த இருபது வருடத்தையும் ஒரு நிமிடத்தில் சந்தேகப்பட வைத்துவிட்டேன். வேறொருவரைத் தெரிவு செய்தார்கள். அதற்காக நான் கவலைப்படவில்லை. நீங்கள் எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை, உங்களைக் கேளாமல், உங்கள் பெயரில் நான் சொல்லிவிட்டேன். என்னிடம்கூடச் சொல்லாததை.

மறுநாள் சபையில் லோர்னா ஓர் அட்டையும் பேனையும் நீட்டினார். "பெயரை எழுதித் தா, இந்த மாதம் ஆலயத்துக்குப் போகிறேன்." உங்கள் பெயரின் முதல் எழுத்தை எழுதினேன். மேலே போகவில்லை. அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.

"பயப்படாதே. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அங்கே, மறுவுலகில், அவருக்கு இருக்கிறது," என்றார்.

"அம்மா வேண்டாம் என்று சொல்லமாட்டா," என்றேன். "சரி போட்டுவிட்டு, பிரசுரக் கட்டை ஒளித்து வைப்பா."

லோர்னாவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

பின்னேரம் ராமன் அங்கிள் வீட்டுக்கு வந்தார். உங்கள் தேயிலைத் தகரத்தை எடுத்து, நீங்கள் போடும் அளவிலேயே போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா போடற மாதிரி இல்லையேப்பா."

"எனக்குத் தெரியாது அங்கிள். நான் குடிக்கிறேல்லை."

"அந்தப் பரிசு விஷயம்... இனி யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டாங்க."

"ஓம்."

"கட்சிய விட்டுப் போறியா?"

"இல்லை."

"சபைய?"

"இல்லை."

"அப்புறம் எப்படிப்பா இருப்ப?"

நானும் அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் எப்படி இருந்தீர்கள்? சுமக்க ஏலாததைப் பைக்கு அடியில் போட்டு, மேலே வெங்காயத்தை வைத்து, அதே கட்சிக்காக அதே தெருவில் போய்க்கொண்டிருந்தீர்கள். அது ஒரு வழியா? அல்லது நீங்களும் என்னைப் போலவே தோற்றுப்போய், வெளியே சொல்லாமல் இருந்தீர்களா? ஜெபத்தில் கேட்கிறேன். பதில் வரவில்லை. வரும் என்று சபையில் சொல்கிறார்கள். எனக்குப் பொறுமை கிடையாது என்று நீங்களே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறீர்கள்.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன் அம்மா. இனி உங்கள் பெயரை எந்த மேசையிலும் வைக்கமாட்டேன், எந்த அட்டையிலும் எழுதமாட்டேன். தேர்தல் நேரம் கதவு தட்டுவார்கள். அந்த விமானத்தைக் கையில் வைத்துக்கொண்டே வருவார்கள். அதை வாங்கமாட்டேன். ஆனால் கதவைத் திறப்பேன். கால்வலியோடு வந்தவர்களை இருக்கச் சொல்லி, உங்கள் தகரத்திலிருந்து தேத்தண்ணி போட்டுக் கொடுப்பேன். அது எப்படி இருக்கிறது என்று அவர்கள்தான் சொல்லவேண்டும்.

கேளாமலே நீங்கள் கையெழுத்துப் போட்டுச் சேர்த்த மகன்,
சுதன்