என் பாலம் எழும்பப் போகும் வருஷம்

அன்பு மகள் சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முணுமுணுக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், அடக்கி வைக்க முடியவில்லை. இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்களே என் நடைபாலம், அது போன வெள்ளிக்கிழமை தேறிவிட்டது! ஆற்றுக்கு நடுவே தூணே கிடையாது, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே வளைவு. தூண் வைத்தால் வெள்ளத்தில் மரமும் குப்பையும் வந்து அடைக்கும் என்று நான் தொண்டை கிழியக் கத்தியது அவர்கள் காதில் ஏற இவ்வளவு நாள் ஆயிற்று. இனி அக்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகப் படகுக்குக் காத்து நிற்க வேண்டாம். வரைபடத்தை மேசை முழுக்க விரித்துப் பார்த்த எங்கள் தலைமைப் பொறியாளர், நாங்கள் முசுடு என்று பெயர் வைத்திருக்கிறோமே அவரேதான், பல் தெரியச் சிரித்து, "புது வருஷத்துல வேலையைத் தொடங்கிடலாம். ஆனா நீங்க கூடவே நிக்கணும் மேடம், பாதியில விட்டுட்டுப் போனா ஒத்துக்க மாட்டேன்" என்றார்.

அங்கேதான் எனக்குத் திக்கென்றது. வேலையை விட்டுவிட்டு ஜனவரியில் உன்னோடு வந்து தங்குவதாக வாக்குக் கொடுத்திருந்தேனே. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று சுற்றி வளைத்தேன். அவரோ, "அதான் உன் மூஞ்சியே சொல்லுதே. பாலத்தைக் கட்டிட்டுப் போகலாம், பொண்ணு எங்க ஓடிப்போறா?" என்று சொல்லிவிட்டு, உன்னிடம் வரப்போகிறோமே என்று பக்கத்து வீட்டுக்குத் தானம் கொடுத்த பூந்தொட்டிகளை அசடு வழியத் திரும்பக் கேட்டு வாங்கி வந்தார். அதனால் கண்ணே, எனக்கு ஒரு வருஷம் தவணை கொடு. கோபித்துக்கொள்வாய், தெரியும். இத்தனை காலமும் அடுத்தவர்கள் போட்ட பாலத்துக்குக் கணக்குச் சரிபார்த்தே ஓடிவிட்டது, முதல் கோட்டிலிருந்து நானே போட்டது இது ஒன்றுதான். திறப்பதற்கு முன் மேலே மணல் மூட்டை அடுக்கிப் பாரம் தாங்குகிறதா என்று பார்ப்போம் என்றேன், உன் அப்பா, "மூட்டை எதுக்கு, என் தங்கச்சி ஒருத்தியே போதுமே" என்கிறார். அத்தையிடம் போட்டுக் கொடுத்துவிடாதே.

கம்ப்யூட்டர் முன்னால் முதுகைக் கூனிக்கொண்டு உட்காராதே, வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், இருக்கிற இடம் கலகலக்க வாழ வேண்டும். திறப்பு நாளுக்குக் கட்டாயம் வந்துவிடுங்கள். முதல் ஆளாக யாரை நடக்கவிடுவது என்று முசுடு கேட்டார், யோசிக்காமல் என் மகள் என்று சொல்லிவிட்டேன். சம்மதம் என்றால் ஒரு வரி எழுது, கோபம் என்றால் நாலு பக்கம் எழுது, எதுவானாலும் ஆசையாகப் படிப்பேன்.

அப்பாவின் அன்பையும் சேர்த்து,
உன் அம்மா